ஊமத்தை விதை இயற்கையான போதைதானே, ஒருமுறை தின்று பார்த்தால் என்ன ஆகும்?

தம்பி, கேள்விக்குக் கீழே "நண்பன் ஒருவன் கேட்கச் சொன்னான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பனை எனக்கு நன்றாகத் தெரியும். அவசரப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் வெளியே சொல்ல முடியாத வியாதிக்கெல்லாம் மருந்து கேட்டு ஆள் அனுப்பியது அவன்தான். இருக்கட்டும். நீங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள், கையில் காசு குறைவு, பக்கத்து மனைப்பிரிவில் ஊமத்தை தானாக முளைத்துக் கிடக்கிறது, யாரோ ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தப்பாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். "நர்ஸ் எல்லாம் மருத்துவம் பேச வந்துவிட்டார்கள்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஊமத்தை தின்றவனை ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் 'போதை' என்பதைப் பற்றி. குடித்தவனுக்குத் தான் குடித்திருக்கிறோம் என்று தெரியும். கஞ்சா இழுத்தவனுக்கும் தெரியும். ஊமத்தை தின்றவனுக்கு அது தெரியாது. எதிரே இல்லாத ஆள் நிற்பதாகத் தெரிந்தால், அது மாயை என்ற நினைப்பே அவனுக்கு வராது. அந்த ஆளோடு பேசுவான், சண்டை போடுவான், பயந்து ஓடுவான். தெளிந்த பிறகு பெரும்பாலும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. அப்புறம் அதில் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? 1676-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் சில சிப்பாய்கள் ஊமத்தை இனச் செடியைக் கீரை என்று வேகவைத்துத் தின்றுவிட்டார்கள். ஒருவன் இறகை ஊதிப் பறக்கவிட்டான், ஒருவன் அதன்மேல் வைக்கோலை எறிந்துகொண்டிருந்தான், இன்னொருவன் அம்மணமாக மூலையில் உட்கார்ந்து பல்லைக் காட்டினான். தங்கள் மலத்திலேயே புரண்டுவிடுவார்கள் என்று அடைத்து வைக்க வேண்டியிருந்ததாம். 11 நாள் கழித்துத் தெளிந்தபோது ஒருவனுக்கும் ஒன்றும் நினைவில்லை என்று வர்ஜீனியாவின் வரலாற்றை எழுதிய ராபர்ட் பெவர்லி எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான், ஊர் மட்டும் வேறு.

எங்களுடையது விசைத்தறி ஊர். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள் எங்கள் மருத்துவமனையில் அதிகம். அந்த விஷத்துக்கு நாங்கள் ஏற்றும் ஊசி அட்ரோபின். ஊமத்தையில் இருப்பதும் அதே அட்ரோபின்தான், கூடவே ஸ்கோபோலமின், ஹையோசயமின். பூச்சிமருந்து குடித்தவனுக்கு வாயில் நுரை தள்ளும், உடம்பு வியர்வையில் நனையும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கிவிடும். ஊமத்தை தின்றவனுக்கு எல்லாமே நேர் எதிர். நரம்புகள் உறுப்புகளோடு பேசுவதற்கு அசிட்டைல்கோலின் என்று ஒரு பொருள் வேண்டும். பூச்சிமருந்தில் அது அளவுக்கு மீறிப் பெருகும். ஊமத்தையிலோ அது போய் உட்கார வேண்டிய இடத்தில் வேறொன்று போய் உட்கார்ந்துகொள்ளும். எச்சில் ஊறாது, வியர்க்காது, சிறுநீர் இறங்காது, குடல் அசையாது, கண்பாவை சுருங்காது. நாடி மட்டும் தறிகெட்டு ஓடும். பூச்சிமருந்து நோயாளிக்கு அட்ரோபின் கொஞ்சம் கூடிப்போனாலும் காற்றில் எதையோ பிய்த்து எடுக்கத் தொடங்குவார். வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய அந்தக் கை அசைவு எனக்கு மறக்காது.

அதனால்தான் அன்றிரவு எனக்குத் தெரிந்தது.

சித்திரை மாதம், செமஸ்டர் தேர்வு நேரம். கல்லூரிப் பையன்கள் இருவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தள்ளாடுகிறார்கள், உளறுகிறார்கள். வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் "டாஸ்மாக் கேஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. நெற்றியில் கை வைத்தால் தோசைக்கல் போல் சுட்டது, ஒரு பொட்டு வியர்வை கிடையாது. அந்தப் புழுக்கத்தில் எங்கள் எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. டார்ச் அடித்தேன். கண் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் நூல் கனத்துக்குப் பழுப்பு வளையம். வெளிச்சம் பட்டும் பாவை அசையவே இல்லை.

கொஞ்சம் உயரமான பையன் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் நூல் இழுத்துக்கொண்டிருந்தான். வெறும் இழுப்பு இல்லை. இரண்டு கை விரல்களிலும் நுனியைப் பிடித்து, நாக்கில் தொட்டு, திரித்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்புகிறான். அறுந்த பாவு இழையைத் தறிக்காரர்கள் முடிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு அசைவு பிசகவில்லை. அவன் அப்பா தறி ஓட்டுகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. சலைன் ஏற்றக் குழாய் மாட்டினோம். அதையும் இழை என்று நினைத்து முடியத் தொடங்கினான். தடுத்தால், தறி நிற்கிறது, முதலாளி வந்துவிடுவார் என்று கெஞ்சுகிறான். இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. அவன் முகத்தில் இருந்தது பயம். விடிகிறவரை அவன் வேலை செய்துகொண்டே இருந்தான்.

இன்னொருவன் வாந்தி எடுத்ததில் விதைகள் இருந்தன. அன்று இரவுப் பணியில் இருந்த டாக்டர் வயதில் சின்னவர், தங்கமான பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிளகாய் விதை, புரோட்டாக் கடைச் சால்னாவில் வந்தது என்றார். நான் தட்டில் அலசி எடுத்துக் காட்டினேன். மிளகாய் விதை மெல்லிசாக, வெளிர் மஞ்சளாக, வட்டமாக இருக்கும். இது தடித்து, பழுப்பாக, சிறுநீரகம் போல் ஒரு பக்கம் உள்வாங்கி, மேலெல்லாம் குழி குழியாக இருந்தது. கல்லூரியில் படித்தது அப்போது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிளேடால் நெடுக்காகப் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். மிளகாயில் கரு 6 என்ற எண் மாதிரி உள்பக்கம் சுருண்டிருக்கும், ஊமத்தையில் நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். தடயவியல் பாடத்தில் இருக்கிறதாம். பார்த்துவிட்டு "சிஸ்டர், நீங்கள் சொன்னதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

பிறகு செய்தவை: ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தோம், மின்விசிறியைப் பக்கத்தில் இழுத்தோம், இதயத்துடிப்பைக் கவனித்தோம், அடங்குவதற்கு ஊசி போட்டார் டாக்டர். உயரமான பையன் அதற்கும் அடங்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. சிறுநீர்ப்பை நிரம்பி வழி இல்லாமல் நிற்கிறது, அதைச் சொல்லவும் தெரியவில்லை. குழாய் போட்டதும் பை மளமளவென்று நிரம்பியது, ஆட்டம் பாதி குறைந்துவிட்டது. பைசோஸ்டிக்மின் என்று இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இருக்கிறது. எங்கள் மருந்தறையில் அதை நான் பார்த்ததே இல்லை. "தின்று பார்ப்போம், ஏதாவது ஆனால் ஊசி இருக்கிறது" என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விடியற்காலையில்தான் விடுதியிலிருந்து வந்த ஒருவன் கேட்டான்: மூன்று பேர்தானே சேர்ந்து தின்றார்கள், மூன்றாவது ஆள் எங்கே? இந்த இரண்டு பேரையும் கேட்டால் யாரைச் சொல்கிறாய் என்கிறார்கள். கடைசியில் கட்டி முடியாத ஒரு வீட்டின் பின்னால் கிடந்தான். மாடியிலிருந்து நடந்து இறங்கியிருக்கிறான், படி இல்லாத பக்கமாக. இடுப்பெலும்பு முறிவு, குதிகால் நொறுங்கல். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஏன் மாடிக்குப் போனான், எதைப் பார்த்து இறங்கினான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. ஊமத்தையில் உயிர் போவது இதயம் நின்றோ வலிப்பு வந்தோ மட்டும் இல்லை. கிணறு, ரயில் பாதை, மாடிச் சுவர், லாரி எல்லாம் அதன் கணக்கில்தான் சேரும். வீடியோவில் இதைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

மற்ற இருவரும் தெளிந்து எழுந்தார்கள். ஆனால் கண்பாவை சுருங்கப் பல நாள் ஆயிற்று. கிட்டத்தில் எழுத்துத் தெரியவில்லை, வெளிச்சம் கூசியது. வினாத்தாளைக் கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தும் முடியாமல் எழுந்து வந்துவிட்டானாம் உயரமான பையன்.

இனி சொல்லப்போவதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. படிக்க வேண்டாம் என்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். அந்தப் பையன் கட்டிலிலிருந்து மூன்று முறை குதித்தான், உதவியாளர் ஒருவரைக் கடித்தான். டாக்டர் வாயால் சொல்ல, நான் மெத்தென்ற துணியைச் சுற்றிக் கை கால்களைக் கட்டினேன். எழுத நேரமில்லை, கேஸ் ஷீட்டில் அது ஏறவில்லை. கூட்டத்தில் யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். பையனுக்கு மாமா ஒருவர், பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர், "மனிதாபிமானமே இல்லாமல் மாணவனைக் கட்டிப்போட்ட செவிலியர்" என்று மேலிடத்துக்கு மனு அனுப்பினார். எனக்கு 17(ஏ) வந்தது, அரசு ஊழியர்மேல் சிறு தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் அது. விளக்கம் எழுதினேன், அதற்கு மேல் ஒரு விளக்கம் கேட்டார்கள், அதையும் எழுதினேன். முடிவில் 'கண்டனம்' என்று ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியால் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் தள்ளிப்போனது, எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பெண் எனக்கு மேலே வந்து உட்கார்ந்தாள். அவள்மேல் வருத்தமில்லை. இரவில் அவசரப் பிரிவுக்கும் வார்டுக்கும் சேர்த்து ஒரே செவிலியரைப் போட்டுவிட்டு, கட்டினாயா, கட்டவில்லையா, கட்டியதை எழுதினாயா என்று பகலில் ஏ.சி. அறையில் இருந்து கேட்கிறார்களே, அவர்கள்மேல்தான் வருத்தம். பையன்கள் வீடு திரும்பும்போது டாக்டருக்கு இனிப்புப் பெட்டி வந்தது. எங்களுக்கு வந்தது மெமோ.

விஷயத்துக்கு வருகிறேன். "எத்தனை விதை வரைக்கும் பரவாயில்லை?" என்று அடுத்து கேட்பீர்கள். அதற்குப் பதில் கிடையாது. பாதுகாப்பான எண்ணிக்கை என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல. நாங்கள் உடைக்கும் அட்ரோபின் ஆம்ப்யூலில் 0.6 மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும். ஊமத்தங்காயில் யார் அச்சடித்தார்கள்? ஒரே வேலியில் நிற்கும் இரண்டு செடிகளுக்குள் வேறுபாடு, ஒரே செடியில் இலைக்கும் விதைக்கும் வேறுபாடு, பருவத்துக்குப் பருவம் வேறுபாடு. போன மாதம் ஒன்றும் ஆகாத அளவு இந்த மாதம் ஆளைத் தூக்கிவிடும். இன்னொரு மோசமும் உண்டு: குடலை மந்தமாக்குகிற சரக்கு என்பதால் விதை உள்ளேயே தங்கி ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தின்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுவது. பிறகு ஒரு நாள், இரண்டு நாள் என்று அது இறங்காது. கள்ளச்சாராயத்திலும் கள்ளிலும் வேகம் ஏற்ற ஊமத்தையைக் கலந்த கதைகள் பழைய ஆட்களுக்குத் தெரியும். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். திருடன் பிறத்தியாரை வீழ்த்த வைத்திருந்ததைக் காசு மிச்சம் என்று நீங்களே வாயில் போட்டுக்கொள்வீர்களா?

இயற்கை என்கிறீர்கள். அரளியும் எட்டியும் இயற்கைதான்.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. போகாது. 2019-இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் ஐ.நா. உலக உணவுத் திட்டம் வழங்கிய சத்து மாவில் ஊமத்தை இன விதை கலந்துவிட்டது. கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவர்களில் சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் போதைக்காகக் குடிக்கவில்லை, பசிக்காகக் குடித்தார்கள்.

சித்த மருத்துவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். மத்தன் தைலத்தால் ஆறாத புண் ஆறியதை நானே பார்த்திருக்கிறேன். ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் பச்சைத் தைலம், மேலே பூசுவதற்கு. படித்துப் பதிவு பெற்ற வைத்தியர் செய்து தருவது வேறு, வாட்ஸ்அப்பில் வந்தது என்று வேலியோரத்தில் பறித்து அரைத்துக் குடிப்பது வேறு. அதிலும் நாய்க்கடிக்கு ஊமத்தைச் சாறு கொடுக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சாறு ஒரு விஷம் என்பது ஒருபுறம், அதை நம்பித் தடுப்பூசி போடாமல் விட்டால் வெறிநோய் வந்த பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அரசு மருத்துவமனையில் அந்த ஊசி இலவசம்.

"சிவபெருமானே சூடுகிற பூ" என்று ஒருவர் ஏற்கெனவே இங்கே பதில் எழுதியிருக்கிறார். நானும் பிரதோஷத்துக்குப் போகிறவள்தான். அவர் சூடியது தலையில், தின்றதாக எந்த ஓதுவாரும் பாடி நான் கேட்டதில்லை. ஆலகாலத்தைக்கூடத்தான் அவர் விழுங்கினார். அதற்காக நாமும் பூச்சிமருந்து குடிக்கலாமா? பூசைக்குப் பறிப்பவர்களுக்கும் ஒன்று: பறித்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள். விநாயகர் சதுர்த்தியன்று ஊமத்தை இலை பறித்த ஒரு சிறுமிக்கு ஒரு கண்பாவை மட்டும் விரிந்துபோய், மூளையில் ஏதோ என்று வீட்டார் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். சில நாளில் தானாகச் சரியானது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டங்களில் தலைகீழாக மணி மாதிரி தொங்கும் பெரிய பூ இருக்கிறதே, அதுவும் இதே விஷம்தான். அழகாக இருக்கிறது என்று குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் 'நண்பன்' ஏற்கெனவே தின்றுவிட்டான் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசல், புளிக் கரைசல் கொடுக்காதீர்கள், புத்தி தெளிவில்லாதவனுக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மாடியிலிருந்து கீழே கொண்டுவாருங்கள், தனியே விடாதீர்கள், சுற்றி நின்று கூச்சல் போடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். மிச்சம் இருக்கும் காயையோ விதையையோ ஒரு பையில் போட்டு எடுத்துவந்து டாக்டர் கையில் கொடுங்கள். எத்தனை பேர் தின்றீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். புரோட்டா சாப்பிட்டோம், சால்னா சாப்பிட்டோம் என்று கதை விடாதீர்கள். போலீஸ் வருமா என்று கேட்பீர்கள். விஷம் தின்ற கேஸ் என்றால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், அது வழக்கமான நடைமுறை. ஏட்டு ஒருவர் வந்து நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போவார். அதற்குப் பயந்து அறைக்கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.